பெர்னதத்தின் லேப்டாப்புக்கு ஒரு ஹைபிரிட் டிஸ்க்

2014 நவம்பர் 9, ஞாயிறு

பெர்னதத்தின் லேப்டாப் இன்று காலை உறைந்துபோய் நின்றது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டேன். திரை வந்து, ஐகான்கள் வந்து, சுற்றுகிற வட்டம் நிற்பதற்கு நான்கு நிமிடம் முப்பத்தைந்து நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துக் குறித்தேன். அதற்குள் அவள் சட்னி அரைத்து, தாளித்து, மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள்.

"அது அப்படித்தாங்க. கொஞ்ச நேரம் விட்டா வந்துரும்" என்றாள்.

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யாமல் அதற்கேற்றபடி தங்களை மாற்றிக்கொள்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் கட்டிக்கொண்டது அப்படி ஒருத்தியை. இருபத்திரண்டு வருடமாகிறது.

அவள் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். ஆறு வருடமாகச் சைகை அகராதி ஒன்று செய்கிறாள். ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ, ஒவ்வொன்றும் மூன்று நான்கு நொடி. மொத்தம் 3412. சைகை செய்கிறவர் அதே பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கிற குருசுமுத்து. அவருக்கும் காது கேட்காது. கேமராவில் எடுத்ததை எடுத்தபடியே, சுருக்காமல் வைத்திருக்கிறார்கள். சுருக்கினால் விரல் நுனி மங்கிவிடுமாம். எண்பத்தைந்து ஜி.பி. வெட்டாத பழைய பதிவுகள் வேறு முந்நூறு ஜி.பி. இவ்வளவையும் ஐந்து வருடத்து டிஸ்க் ஒன்றின் தலையில் ஏற்றிவிட்டு, 'கொஞ்ச நேரம் விட்டா வந்துரும்'.

29-ஆம் தேதி சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையின் குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால் அகராதி தென் மாவட்டங்களின் காது கேளாதோர் பள்ளிகளுக்கெல்லாம் போகும். பிடிக்காவிட்டால் அது இந்த லேப்டாப்பிலேயே கிடக்கும்.

"வீடியோ பாதியில நின்னுருது. கை பாதியில நின்னா அது வேற வார்த்தைங்க. 'பசி' காட்டுனா 'நெஞ்சுவலி' மாதிரி ஆயிரும்" என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குப் பதினாறு வருடமாக இன்சார்ஜ் நான். ஊரிலுள்ள அறுபது மிஷினைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வீட்டிலுள்ள ஒன்றைப் பார்க்கத் தெரியாதா.

நவம்பர் 10, திங்கள்

சாயங்காலம் ஜங்ஷனில் காஜாவின் கம்ப்யூட்டர் கடை. கடையை எட்டு வருடமாக நடத்துகிறான். வாய் மட்டும் வளர்ந்திருக்கிறது.

"எஸ்.எஸ்.டி. டிஸ்க்கா போடுங்க சார், உள்ள எதுவும் சுத்தாது. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துரும்."

"எவ்வளவு கொள்ளும்?"

"நூத்தி இருபது ஜி.பி."

"என்கிட்ட நானூறு இருக்கு."

"மிச்சத்தப் பென்டிரைவ்ல வச்சிக்கிடுங்க சார்."

இவனிடம்தான் இந்த ஊர் கம்ப்யூட்டர் வாங்குகிறது. சாதா டிஸ்க் வேண்டாம், ஹைபிரிட் எடு என்றேன். அதற்கு ஒரு விளக்கம் சொன்னான்: "அதாவது சார், பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும்." கேட்டுக்கொண்டு நின்றேன்.

விஷயம் இவ்வளவுதான். ஹைபிரிட் டிஸ்கில் சுழலும் தட்டு இருக்கிறது, ஒரு டெராபைட். அதோடு எட்டு ஜி.பி. ஃபிளாஷ் நினைவகம் ஒட்டியிருக்கிறது. நாம் எதை அடிக்கடி திறக்கிறோம் என்று டிஸ்க் தானாகவே கவனித்து, அதை மட்டும் ஃபிளாஷில் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் உடனே தரும். நாம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். காஜாவை விடப் புத்தியுள்ளது.

இரண்டு மாடல் இருந்தது. ஏழு மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று, ஒன்பதரையில் ஒன்று. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றான். அவளுடைய லேப்டாப்பின் குழி ஒன்பதரை. ஏழைப் போட்டால் உள்ளே ஆடும். ஒரு டெராபைட் இருப்பதும் ஒன்பதரையில்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்து மணிக் காபி ஐந்தேகாலுக்கு வந்தது. பள்ளியில் ஏதோ கூட்டமாம். ஆறிப்போன காபி.

நவம்பர் 11, செவ்வாய்

பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் நகலெடுக்க ஏழு மணி நேரம். பழையதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன்.

நவம்பர் 12, புதன்

புதிய டிஸ்க் எட்டு நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்றது. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, சும்மா இருக்கும் ஒவ்வொரு கணமும் தன் ஊசியை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறது. மறுபடி கேட்டால் திரும்ப ஓடி வர வேண்டும். பாட்டரியில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்று பெட்டியில் போட்டுக்கொள்வதற்காக இந்தக் கூத்து. அந்த அமைப்பை அணைத்தேன். டிக் நின்றது.

அடுத்து டீஃபிராக். வாரம் ஒருமுறை தானாக ஓடி, கோப்புகளை இடம் மாற்றி அடுக்குகிற வேலை. ஹைபிரிட் டிஸ்கில் அது ஓடினால், கற்றதெல்லாம் போச்சு. டிஸ்க் நினைவில் வைத்திருப்பது இடத்தை, கோப்பின் பெயரை அல்ல. அதையும் அணைத்தேன்.

பெர்னதத் லேப்டாப் கேட்டாள். முடியவில்லை என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

பயிற்சி. அணைத்துப் போடு, அணைத்துப் போடு. முதல் தடவை 1 நிமிடம் 52 நொடி. நான்காவது 41 நொடி. பத்தாவது 19. கற்கிறது. லேபில் இருக்கிற இரண்டு உதவியாளர்களுக்கு ஆறு மாதமாக ஒரே விஷயத்தைச் சொல்கிறேன், இவ்வளவு கற்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்கு அவள் மட்டும் போனாள். நான் நாற்பது தடவை அணைத்துப் போட்டேன். வேகச் சோதனை மென்பொருளை இருபது தடவை ஓட்டினேன். கடைசி அளவு: பதின்மூன்று நொடி. நான்கரை நிமிடத்திலிருந்து பதின்மூன்று நொடி. இதை ஒரு கம்பெனிக்காரன் செய்திருந்தால் விளம்பரம் கொடுத்திருப்பான்.

பெர்னதத் ஒரு நோட்டில் பென்சிலால் கைகளை வரைந்துகொண்டிருந்தாள். லேப்டாப் இல்லாததால் குழுவுக்குக் காட்ட வேண்டிய சொற்களை அப்படிக் குறித்து வைக்கிறாளாம். விரல்கள் முருங்கைக்காய் மாதிரி இருந்தன.

நவம்பர் 17, திங்கள்

ஒப்படைத்தேன். பொத்தானை அழுத்தி, ஸ்டாப்வாட்ச்சை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பதின்மூன்று.

"நல்லாருக்குங்க" என்றாள். மூடி பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். எட்டு நாள் வேலை.

நவம்பர் 19, புதன்

வீடியோ இன்னும் நிற்கிறதாம்.

"நீ உபயோகிக்கிற முறை சரியில்ல" என்றேன்.

"நான் என்ன பண்ணுதேன்? தொறக்கேன், வீடியோவத் தட்டுதேன். முன்னவிட கொஞ்சம் பரவால்லங்க. ஆனா நிக்கி."

"பூட் ஆக எவ்வளவு நேரம் ஆச்சு? அதச் சொல்லு."

"பூட்னா?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் என்னைக்குங்க ஆஃப் பண்ணேன்? மூடி வைப்பேன், தொறப்பேன். மாசத்துல ஒரு தடவகூட ஆஃப் பண்றதில்லையே."

இதைச் சொல்லும்போது குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் எரிச்சல். இந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை முறையாக அணைக்கிற பழக்கம் உண்டா என்று கத்தினேன். அவள் துவரம்பருப்பைக் களைந்துகொண்டே இருந்தாள்.

டிஸ்க் தன் எட்டு ஜி.பி.யில் என்ன வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆன் ஆவதற்கு வேண்டியதும், என் வேகச் சோதனை மென்பொருளும். அவளுடைய வீடியோ ஒன்றுகூட இல்லை. இதை என் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது அவள்.

நவம்பர் 20, வியாழன்

பதின்மூன்று நொடி. எவனுக்கு.

நவம்பர் 21, வெள்ளி

டிஸ்க் கற்றதை மறக்கடிக்க வேறு வழியில்லை. சரியானதைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பழையது தானாக வெளியே போகும். ஒரு வீடியோ சராசரி இருபத்தைந்து எம்.பி. எட்டு ஜி.பி.யில் முந்நூறு கொள்ளும். அப்படியானால் எந்த முந்நூறு? எதையெல்லாம் அதிகம் திறக்கிறாய் என்று கேட்டதற்கு "எல்லாத்தையுந்தான்" என்றாள். இது ஒரு பதில். நேரில் பார்த்துக் குறித்தால்தான் ஆகும் என்று லீவு போட்டுவிட்டு அவளுடன் பள்ளிக்குப் போனேன்.

ஆறு வருடம் முன்பு ஓர் ஆண்டு விழாவுக்கு ஒருமுறை போனது. அப்போதே சுவரில் ஈரம். இப்போதும் அதே ஈரம்.

வகுப்பில் பதினெட்டுப் பெண்கள், ஒன்பதாம் வகுப்பு. நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைத் தட்டி, மூக்கருகே விரலைக் கொண்டுபோய் என்னவோ செய்தாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எல்லோரும் சிரித்தார்கள். காது கேளாதவர்கள் சத்தமில்லாமல் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

"என்ன சொல்லுதாங்க?" என்று பெர்னதத்திடம் கேட்டேன்.

"நீங்க வந்துருக்கியன்னு சொல்லுதாங்க."

"அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"பேரச் சொல்லுதாங்க. இவங்க யாரையும் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுறதில்ல. ஆளாளுக்கு ஒரு சைகைப் பேரு வச்சிருவாங்க."

என் பெயர் என்ன என்று கேட்டேன். போர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குறித்தேன். தண்ணீர், 14 தடவை. தேர்வு, 11. அம்மா, 9. ஒவ்வொரு முறை வீடியோ நிற்கும்போதும் அவள் திரைக்கு முன்னால் வந்து, நின்றுபோன சைகையைத் தன் கையால் செய்து முடித்தாள். பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார்கள். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிறவள். இங்கே கை ஓயவில்லை. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

குருசுமுத்து வந்து கை கொடுத்தார். பெரிய மீசை. டெய்லருக்கு எதற்கு இவ்வளவு நிமிர்வு.

நவம்பர் 23, ஞாயிறு

குழுவுக்குக் காட்டவிருக்கும் 240 சொற்களையும் மூன்று முறை திறந்து மூடினேன். நேற்றும் மூன்று முறை. வேகம் கூடுகிறது.

நவம்பர் 24, திங்கள்

எது ஃபிளாஷுக்குள் வந்திருக்கிறது, எது வரவில்லை என்று ஸ்டாப்வாட்ச்சோடு ஃபோல்டர் ஃபோல்டராகச் சோதித்தேன். நான் பயிற்சி கொடுத்தவை உடனே திறந்தன. கொடுக்காதவை இழுத்தன. எல்லாம் எதிர்பார்த்தபடிதான்.

'பெயர்கள்' என்று ஒரு ஃபோல்டர். அதில் நான் எதையும் தொட்டதில்லை. அறுபத்துமூன்று வீடியோ. அறுபத்திரண்டு இழுத்தன. ஒன்று மட்டும் தட்டியதும் திறந்தது. அப்படியானால் அதை இந்த ஒரு வாரத்தில் அவர்கள் பலமுறை திறந்திருக்க வேண்டும்.

வெள்ளைத் துணிக்கு முன்னால் குருசுமுத்து. ஆட்காட்டி விரலை மூக்கின் ஓரத்தில் வைக்கிறார். மேலுதடு ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறுகிறது. முகம் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது, கெட்டுப்போன மீனை முகர்ந்தவர் போல. கீழே எழுத்து: சவரிராயன். பெர்னதத் டீச்சரின் கணவர். மூன்றரை நொடி.

இரண்டு தடவை பார்த்தேன்.

ஐந்து மணிக்கு அவள் வந்ததும் கேட்டேன். காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆண்டு விழாவுக்கு வந்திய. கால் மணி நேரம் நின்னிய. அவங்களுக்கு நீங்க பேசுனது கேக்காது. மூஞ்சியத்தான் பாத்தாங்க."

"மாத்தச் சொல்லு."

"பேரு நம்ம வைக்கிறதில்லங்க. அவங்க வைக்கிறது. நம்ம மாத்த முடியாது."

"தினமும் போட்டுப் பாக்குறாளுகளா?"

"நீங்கதான் மிஷினச் சரிபண்ணிக் குடுத்தியன்னு நான் சொன்னதுலருந்து. வகுப்பு முடிஞ்சதும் அத ஒரு தடவ போடுங்கன்னு கேக்காங்க." சற்று நிறுத்தி, "எனக்கு என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

இடது மணிக்கட்டை வலது விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கடிகாரம் பார்க்கிறவள். மூன்றரை மணியிலிருந்து கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஐந்துக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டுமே.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. காபி சூடாக இருந்தது.

"அந்த வீடியோ குழு பாக்க வேண்டாம்னா எடுத்துருங்க. மிஷின் உங்க கையிலதான இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

நவம்பர் 25, செவ்வாய்

அழித்தேன்.

நவம்பர் 26, புதன்

பழைய டிஸ்கிலிருந்து அதைத் திரும்ப எடுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் 3412 என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். 3411 இருந்தால் கணக்கு உதைக்கும். வேறு காரணம் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

புதிதாக எழுதிய கோப்பு டிஸ்கில் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. டிஸ்குக்கு அது யாரென்று தெரியவில்லை. தட்டினால் இழுக்கிறது. அதுவும் எங்கே வந்து நிற்கிறது? உதடு பாதி ஏறிய இடத்தில். பார்ப்பதற்கு எவனோ அழப்போகிறவன் மாதிரி இருக்கிறது. அகராதியில் அப்படி ஒன்று இருக்கக் கூடாது. ஒன்று ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது.

லேபில் மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி கொடுத்தேன். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை உடனே திறந்தது.

நவம்பர் 28, வெள்ளி

சவரக் கண்ணாடி முன் வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. லேபுக்குப் பத்து நிமிடம் தாமதம்.

நவம்பர் 29, சனி

மிஷின் தகராறு செய்தால் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் போனேன். குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்கள் முறுக்கு தின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவர் நடுவில் போன் பேசினார். தலைவியான அம்மா மட்டும் விஷயம் தெரிந்தவர். அவர் குடும்பத்தில் யாருக்கோ காது கேட்காதாம்.

பட்டியலில் இருப்பதைக் காட்ட விடாமல், அவராகவே கேட்டார். பசி. ஓடியது. வயிற்றுவலி. ஓடியது. ரயில், பயம், நாளைக்கு, பொய். கேட்டதெல்லாம் என் 240-க்குள் வந்தது, ஒன்றுகூட நிற்கவில்லை. பெர்னதத் திரைக்கு முன்னால் ஒருமுறையும் வர வேண்டியிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை. பள்ளியில் இருந்த நேரமெல்லாம் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. சனிக்கிழமை என்பதால் இருக்கலாம்.

பிறகு அந்த அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஃபோல்டர்களைத் தானே பார்க்க ஆரம்பித்தார்.

"இது என்ன, பெயர்கள்?"

பெர்னதத் சொன்னாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினார். மற்றவை கொஞ்சம் இழுத்தன. அது இழுக்கவில்லை.

"சவரிராயன்" என்று வாய்விட்டுப் படித்தார். "டீச்சரோட ஹஸ்பெண்டா? இது என்ன சைகை? என்ன அர்த்தம்?"

பெர்னதத்தின் முகம் சிவந்துவிட்டது. குருசுமுத்து அவளைப் பார்த்தார், பிறகு பின்வரிசையிலிருந்த என்னைப் பார்த்தார். பதினெட்டுப் பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முறுக்குச் சத்தம்கூட நின்றுவிட்டது. இந்த ஒரு வீடியோவால் ஆறு வருட வேலை கேலிக்கூத்து என்று ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், பயமாகத்தான் இருந்தது.

எழுந்து நின்றேன். "நான்தாங்க அது" என்றேன். பிள்ளைகளுக்குக் கேட்காது என்பது பிறகுதான் உறைத்தது. ஆகவே அவர்களுக்கும் சொன்னேன். மூக்கோரம் விரல், உதட்டைத் தூக்கி, முகத்தைத் திருப்பி.

யாரும் சிரிக்கவில்லை. குருசுமுத்து இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என் விரலைப் பிடித்து மூக்கின் இடது ஓரத்திலிருந்து எடுத்து வலது ஓரத்தில் வைத்தார். பெருவிரலால் என் மேலுதட்டின் வலது பக்கத்தைத் தொட்டுத் தூக்கிக் காட்டினார். இந்தப் பக்கம். வீடியோவைப் பார்த்துப் பழகியவன், திரையில் எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கத்தையே தூக்கியிருக்கிறேன். மறுபடி செய்தேன். கட்டைவிரலை உயர்த்தினார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், பெர்னதத் உட்பட. அவள் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கிறோம் டீச்சர். பெயர்களையும் சேர்த்து" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். லேப்டாப் அவள் மடியில். குருசுமுத்து சொன்னது சரிதானா, எனக்கு ஏறுவது வலது பக்கம்தானா என்று கேட்டேன்.

"வலது பக்கந்தாங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. யோசிக்கக்கூட இல்லை.